பிச்சையம்மாள் இளைத்த விதம்

பிச்சையம்மாளைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் எலும்பும் தோலுமாகத்தான் பார்த்திருப்பார்கள். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மர நிரையில் அவள் நடந்து போவதைப் பார்த்தால், வாளி அவளைத் தூக்கிக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். அப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் உடம்பைக் குறைக்க வழி தேடி அலைந்தாள் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அதுவும் எந்தக் காலத்தில்? ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் கெடா தோட்டங்களில் ஆளாளுக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தபோது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் கதையில் சிரிப்பதற்கு அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.

அவள் பிறந்தது சிடாம் கிரி பக்கம். பதினேழு வயதில் அய்யாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போதே பூசினாற்போல உடம்பு. அவள் அம்மாவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுற்று பெருத்தவள். அய்யாவு நல்லவன், உழைப்பாளி, வாயில்லாப் பூச்சி. அவனுக்கு வாய் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவனுடைய அக்கா செல்லாயிதான். தாய் தகப்பன் செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். கணவனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளையும் மலேரியாவில் பறிகொடுத்து, தம்பி வீட்டோடு இருந்தாள். அக்கா சொன்னால் அய்யாவுக்கு மறுபேச்சு கிடையாது. கிழக்கே உதிக்கும் சூரியன் மேற்கே உதித்தது என்று செல்லாயி சொன்னால், மேற்கே திரும்பிக் கும்பிடுவான்.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் ரப்பருக்கு வேலை நின்றுபோனது. பாதி மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். கடல் போல நெல் விளைகிற யான் பக்கத்து வயல்கள் இருபது மைல் தூரத்தில் இருந்தும், தோட்டத்து ஜனங்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்பு தூவிய பழைய வெள்ளையரிசி. அதுவும் ஆளுக்கு மாதம் சில பால்டின் அளவு. மற்ற வேளையெல்லாம் மரவள்ளிதான். அவித்தும் சுட்டும் காயவைத்து இடித்தும் அதையே தின்றார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் நடுவில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்துப் பட்டியலை எழுதியவர் ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி அழகேசன். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை, மூன்றே மாதம், மூன்று வேளைச் சோறு என்றார். லாரி வந்து நின்றபோது அய்யாவு பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தான். ஐந்து மாதம். பிறகு அக்காவைப் பார்த்தான். “நான் பாத்துக்கிறேன் போ” என்றாள் செல்லாயி. அவன் ஏறிக்கொண்டான்.

மூன்று மாதம் போயிற்று. ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாகச் செய்தி ஒன்று வந்தது. கெடாவையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டானாம். கூலிகளின் வரிசை வீடுகளான லயனில் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். இப்போது நாமும் சயாம், அவர்கள் இருப்பதும் சயாம், அப்படியானால் ஒரே தேசம்தானே, பக்கத்தில்தானே இருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் வாசல் பெருக்கிக் கோலம் கூடப் போட்டார்கள். நம் ஜனங்களுக்கு நம்புவதற்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மலையேறிவிடுவார்கள்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் பிச்சையம்மாளுக்குப் பெண் பிறந்தது. பிரசவம் பார்த்தவள் செல்லாயி. ஆண்பிள்ளை இல்லையே என்று முகம் சுண்டினாலும், தன் சேலையைக் கிழித்துத்தான் பிள்ளையைத் துடைத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிச்சையம்மாள் குழந்தைக்குப் பிரேமாவதி என்று பெயர் வைத்தாள். சண்டைக்கு முன்னால் சுங்கைப்பட்டாணியில் ஒரு நாடகக் கொட்டகை வாசலில் அந்தப் பெயரை யாரோ படித்துக் காட்டக் கேட்டிருந்தாள். லயனில் யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. பிள்ளை பெற்ற உடம்பு வற்ற வேண்டும் அல்லவா? இவளுக்கு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு கன்னம். வயிறும் இறங்கவில்லை. குழந்தையும் வெளுப்பாக, கொழுகொழு என்று இருந்தது. சுற்றிலும் குச்சி குச்சியாகப் பெண்கள், விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று பிள்ளைகள். அவர்கள் நடுவே தாயும் மகளும் பளபளவென்று உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் கண் சும்மா இருக்குமா?

முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது செல்லாயி செம்பைக் கீழே வைத்தாள்.

“என் வயித்தப் பாரு, முதுகோட ஒட்டிக் கெடக்கு. ஒனக்கு மட்டும் எப்பிடிடி கன்னம் உப்புது?”

“நீங்க ஆக்கிப் போடறதத்தான அண்ணி திங்கிறேன்.”

“நான் ஆக்கறது எனக்குத் தெரியாதா? அதத் தின்னா இந்த ஒடம்பு வராது. வேற எங்கயோ தின்னாத்தான் வரும்.”

வேறு எங்கே என்று செல்லாயி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நிறைமாதத்தில் மண்வெட்டி பிடிக்க முடியாது என்று பிச்சையம்மாளுக்குக் கிராணி, ஆபீசும் அரிசி ஸ்டோரும் கூட்டுகிற வேலை கொடுத்திருந்தார். பிள்ளை பெற்ற இருபதாம் நாளே அந்த வேலைக்குத் திரும்பவும் போனாள். ஸ்டோரில் அரிசி இருக்கிறது, சாவி கிராணியிடம் இருக்கிறது, புருஷன் சயாமில் இருக்கிறான். மூன்றையும் கூட்டிப் பார்க்கத் தெரியாத வாய் லயனில் ஒன்றாவது உண்டா? அய்யாவைப் பட்டியலில் எழுதியதே இதற்காகத்தான் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

கிராணி அழகேசன் காதுக்கும் இது போயிற்று. ‘அட பாவிகளா, அவள் என் தங்கச்சி மாதிரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனிதர் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஊரே பட்டினி கிடக்கையில் ஒரு பெண்ணைக் கொழுக்க வைக்கிற ஆம்பிளை என்ற பேச்சு அவருக்கு இனித்தது போலிருக்கிறது. அந்த மீசைக்கு நெருப்பு வைக்க!

பிச்சையம்மாள் ஸ்டோரிலிருந்து ஒரு பருக்கை எடுத்ததில்லை. கூட்டும்போது தரையில் சிந்திக் கிடந்ததைக்கூட முறத்தில் அள்ளி மூட்டையில் போட்டுவிட்டு வந்தவள். ஆனால் அதை யாரிடம் சொல்வது? உடம்பு ஒன்று சொல்லும்போது வாய் வேறொன்று சொன்னால் ஜனங்கள் உடம்பைத்தானே நம்புவார்கள். அவளே தன் உடம்பை நம்பினாள், அதுதான் கொடுமை. அம்மாவைப் போலத் தனக்கும் பிள்ளைச் சதை போட்டுவிட்டது என்றே நினைத்தாள். கிழங்கைத் தின்று எப்படிச் சதை போடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கால் மரத்துப்போவதையும், நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைப்பதையும் கூடப் பருமனின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். அய்யாவு என்றைக்காவது ஒருநாள் லாரியிலிருந்து இறங்குவான். இறங்கியதும் அக்காவைத்தான் பார்ப்பான். அக்கா இவள் உடம்பைக் கை காட்டுவாள். அதோடு முடிந்தது. அவன் வருவதற்குள் இளைத்தாக வேண்டும்.

எப்படி இளைப்பது? மூன்று வழி இருந்தது.

சிடாம் கிரி கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்க்கார மருத்துவச்சி இருந்தாள். கல்லைச் சூடுபண்ணி இலையில் சுற்றி வயிற்றில் ஒத்தி, இடுப்பை நீளத் துணியால் இறுக்கிக் கட்டி, நாற்பத்து நாலு நாளில் வயிற்றைச் சுருக்கிவிடுவாளாம். கூலியாக ஒரு கைலி கேட்பாள். பிச்சையம்மாளிடம் இருந்தது மொத்தம் இரண்டு சேலை. அதில் ஒன்று சேலை என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. அந்த வழி அப்படியே அடைபட்டது.

இரண்டாவது வழி ஆஸ்பத்திரி. நாலு தோட்டத்துக்குச் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி, அதற்கு மருந்து கொடுக்க, புண் கட்ட ஒரே ஆள், டிரசர் பரஞ்சோதி. மருந்து அலமாரியில் எப்போதோ காலியான சீசாக்கள். செல்லாயிக்குத் தெரியாமல் ஒருநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தாள். வழியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் நாற்பது பேர், புண்ணும் காய்ச்சலுமாக. டிரசர் கண் குழி விழுந்து, கோபமாக இருந்தார். அவரும் கிழங்கு தின்கிறவர்தான்.

“என்னம்மா?”

“ஐயா, புள்ள பெத்து ஒடம்பு போட்டுடுச்சு. கொறையறதுக்கு மருந்து வேணும்.”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அவளுடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் பள்ளம் அப்படியே நின்றது.

“பெரிபெரி” என்றார். உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். “தவிடு. கம்பத்துல கேட்டு வாங்கியாந்தது. காலையில ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. பச்சைப்பயறு கெடச்சா அவிச்சுத் தின்னு. அரிசியக் கழுவிக் கழுவிக் கொட்டாத. தீந்ததும் வா.”

“தவிடாங்கய்யா?”

“ஆமா.”

“ஒடம்பு கொறையுங்களா?”

“கொறையும், போ லா. அடுத்த ஆளு!”

அவ்வளவுதான். படித்த மனிதர். சத்துக் குறைவால் வரும் அந்த வியாதியைத் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டார். மருந்தும் சரியான மருந்து. இன்னும் இரண்டே இரண்டு வார்த்தை, இது சதையில்லை, நீர் என்று சொல்லியிருந்தால் போதும். அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் கூலிக்காரிக்கு உத்தரவு போட்டுத்தான் அவருக்குப் பழக்கம், விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. பின்னால் இன்னும் ஆட்கள் வேறு.

செம்மண் சடக்குப் பாதையில் திரும்பி நடந்தபோது பிச்சையம்மாள் அந்தப் பொட்டலத்தைப் பற்றியே யோசித்தாள். தவிட்டை யார் தின்பார்கள்? தோட்டத்துக்குப் பின்னால் சீனக் கம்பம். அங்கே பன்றிகளுக்குத் தவிட்டையும் மரவள்ளித் தண்டையும் வேகவைத்துக் கொட்டுவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். மூன்றே மாதத்தில் பன்றி எழுந்து நடக்க முடியாமல் கொழுத்துப்போகும். தவிடு எதற்கு என்று கேட்டால் தோட்டத்தில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும், கொழுக்க வைக்கத்தான். இளைக்க வழி கேட்டால் பன்றித்தீனியைக் கொடுத்து அனுப்புகிறாரே, ஒருவேளை இவரும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுக் கேலி பண்ணுகிறாரோ என்று அவளுக்குக் கண் கலங்கியது.

இன்னொன்றும் இருந்தது. பொட்டலத்தை ஒளித்து வைத்துக் காலையும் மாலையும் ஒரு கை அள்ளித் தின்பதைச் செல்லாயி பார்த்தால் என்ன ஆகும்? திருட்டுத்தனமாகத் தின்கிறவள் என்ற பேச்சுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

லயனுக்குப் பின்புறம் செல்லாயி ஒற்றைக் கோழியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தாள். பிச்சையம்மாள் தவிட்டை அதற்குக் கொட்டினாள். கோழி கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மத்தியானமே போய்ச் செல்லாயி முன்னால் நின்றாள். மூன்றாவது வழி செல்லாயிதான்.

“அண்ணி, நீங்களே எனக்குப் பத்தியம் போடுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். ஒங்க கண்ணு முன்னாடியே திங்கிறேன். ஒடம்பு எறங்குதா இல்லையான்னு நீங்களே பாருங்க.”

அவள் இந்த வழியைப் பிடித்தது உடம்புக்காக மட்டும் இல்லை. இளைத்தால் மட்டும் போதாது, இளைக்கிறாள் என்று செல்லாயி பார்க்க வேண்டும். நாளைக்கு அய்யாவு வந்து நின்றால் ‘ஆமாம், என் கண்முன்னால்தான் பட்டினி கிடந்தாள்’ என்று செல்லாயி வாயால் சொல்ல வேண்டும். மருத்துவச்சியின் கல்லும் டிரசரின் பொட்டலமும் அந்தச் சாட்சியைச் சொல்லுமா? செல்லாயி ஒருத்திதான் சொல்லுவாள்.

செல்லாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்தது போலவும் இருந்தது. “ஆபீஸ் கூட்டற வேலைய விடு. நாளையிலேருந்து எங்கூடக் கெழங்குக் காட்டுக்கு வா. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

பத்தியம் ஆரம்பமானது. சுண்ணாம்பு வாடை போக அரிசியை நாலு தண்ணீர் ஆறு தண்ணீர் கழுவினாள் செல்லாயி. வடித்த கஞ்சி உடம்பு போடும் என்று கீழே ஊற்றினாள். அந்தச் சோற்றில் ஒரு கைப்பிடி, அதோடு சுட்ட கிழங்கு, சுட்ட கருவாட்டுத் துண்டு. ஒரே வேளை. கீரை குளிர்ச்சி, கூடாது. பயறு வாயு, கூடாது. பச்சைத் தண்ணீர் வாயில் பட்டால் வயிறு போட்டுவிடும் என்று நாக்கை நனைக்க மட்டும் ஒரு மடக்கு சுடுதண்ணீர். அய்யாவின் பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்து, விலாவிலிருந்து இடுப்புவரை மூச்சு முட்டக் கட்டிவிட்டாள். அதோடு காலையிலிருந்து வெயில் சாயும்வரை மண்வெட்டி.

உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் தேடித் தேடி வெளியேற்றினார்கள், இருவரும் சேர்ந்து, அக்கறையாக. விஷம் வைக்கிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக வைக்கமாட்டான்.

பிச்சையம்மாள் ஒருநாள்கூடத் தவறவில்லை. கிழங்குக் காட்டில் தொண்டை வறண்டு தலை சுற்றும்போது, மற்றப் பெண்கள் ஓடையில் குனிந்து அள்ளிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேட்டிக்கட்டு இறுக்கியதில் வயிறு உள்ளே போனது போலத் தெரிந்தது. பத்தாம் நாள் செல்லாயி, “மூஞ்சி கொஞ்சம் வாடியிருக்கு. பரவால்ல” என்றாள். அந்த ஒரு ‘பரவால்ல’வுக்கு அவள் அன்று முழுக்க மகிழ்ந்துபோய்த் திரிந்தாள். கால் மட்டும் முன்னைவிடப் பெருத்திருந்தது. மண்வெட்டி பிடித்த கால் அப்படித்தான் இருக்கும் என்று இருவருமே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

பகலில் பிரேமாவதி, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் கிடக்கும். இடையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். மார்கழி கடைசியில் குழந்தை குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தது. பிறகு அழுகை குறைந்தது. பசித்தால் முகம் சுருங்கும், வாய் கோணும், கை கால் உதறும், சத்தம் மட்டும் வராது. கொட்டகையில் இருந்த கிழவி, “தங்கமான புள்ளம்மா ஒம்புள்ள. கத்தவே கத்தாது” என்றாள். பிச்சையம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். நம் கஷ்டம் தெரிந்து பிறந்த பிள்ளை என்று செல்லாயியிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். தொண்டை அடைத்துக் குரல் போய்விட்டது என்று அவளுக்கு யார் சொல்வது?

பொங்கல் கழிந்த நாலாம் நாள், மத்தியானம், கிழங்குக் காட்டுக்கு ஆள் வந்து கூப்பிட்டது. இரைக்க இரைக்க ஓடினாள். குழந்தை உதடு நீலம் பாரித்து, வாயைத் திறந்து திறந்து அழுதுகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். வாரி எடுத்து மாரில் வைத்தாள். குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுவதையும் நிறுத்திவிட்டது. கடைசிவரை கொழுகொழு என்றேதான் இருந்தது அந்தப் பிள்ளை.

புதைப்பதற்குச் சுற்றத் துணி இல்லை. அந்தக் காலத்தில் செத்தவர்களைச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். பிச்சையம்மாள் எல்லோர் முன்னாலும் தன் வயிற்றில் சுற்றியிருந்த அய்யாவின் வேட்டியை அவிழ்த்தாள். அதில் சுற்றிக் கொடுத்தாள்.

டிரசர் பரஞ்சோதி சாவு எழுத சைக்கிளில் வந்தார். குழந்தையைத் திருப்பிப் பார்த்தார், தாயின் காலை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலின் முதல் கணு புதைந்தது.

“நான் தவிடு குடுத்தேனேம்மா. தின்னியா?”

“கோழிக்குப் போட்டேங்கய்யா.”

“கோழிக்கா?”

“பன்னிக்கு வெக்கறதாச்சே... தின்னா இன்னும் கொழுத்துடுவேன்னு...”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் லயன் முழுக்கக் கேட்கக் கத்தினார். “இது கொழுப்புன்னு யாரும்மா சொன்னா? இது தண்ணி! பட்டினி கெடந்து ஊறுன தண்ணி! ஒம்பால்ல சத்து இல்ல, அதான் புள்ளைக்கு நெஞ்சு நின்னு போச்சு. இந்த லயன்லயே அதிகமாப் பட்டினி கெடந்தவ நீதாம்மா!”

வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லாயி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிச்சையம்மாளின் மேல் விழுந்த பழி அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. ஒரு மாதமாக எந்த வார்த்தைக்காக நாக்கு வறளக் கிடந்தாளோ அந்த வார்த்தை, ஊரறிய, படித்த மனிதர் வாயால் வந்துவிட்டது. அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பால் கட்டி நெஞ்சு நனைந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதில் ‘ஒம்பால்ல’ என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்குள் போயிருந்தது. அது பிறகு வெளியே வரவே இல்லை.

அப்புறம் தவிடு தின்றாள். தின்றாள் என்பது சரியில்லை, செல்லாயி ஊட்டினாள். யான் பக்கத்துக் கம்பங்கள்வரை நடந்துபோய், ஈயச் செம்பைக் கொடுத்துத் தவிடு வாங்கி வந்தாள். மிச்சமிருந்த கருப்பட்டியைச் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து வாயில் வைத்தாள். “முழுங்குடி, என் தாயி, முழுங்கு” என்று அழுதாள். பிச்சையம்மாள் முழுங்கினாள். நாலாம் நாளிலிருந்து நீர் பிரிய ஆரம்பித்தது. குடம் குடமாகப் போயிற்று. பதினைந்தே நாளில் கன்னம் இருந்த இடத்தில் குழி, கெண்டைக்கால் இருந்த இடத்தில் ஒரு எலும்பு. உள்ளே சதை என்று எதுவுமே இருக்கவில்லை. லயன் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி மன்னிப்புக்கூடக் கேட்டாள். கிராணி அழகேசன் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, ஆபீசில் பழைய கொடி ஏறிய பிறகு ஒருநாள் காலையில் அய்யாவு வந்தான். தோட்டத்திலிருந்து போன முப்பத்தோரு பேரில் திரும்பியது ஏழு பேர். அவனுக்கு ஒரு காலில் ஆறாத புண், தலையில் பாதி மயிர் இல்லை. லயன் வாசலில் நின்றான். பெண்கள் கூடிவிட்டார்கள். அவன் வழக்கம்போல் முதலில் அக்காவைப் பார்த்தான்.

செல்லாயி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிச்சையம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

“தம்பி, இந்தா பாருய்யா ஒம்பொண்டாட்டிய. ஒடம்பப் பாரு. ஒரு பருக்க அடுத்தவன் சோறு தின்னதில்ல. நான் சாட்சி. இந்த லயனே சாட்சி. ஒன்ன நெனச்சு நெனச்சே எலும்பாப் போயிட்டா.”

“ஆமாண்ணே, பத்தினிப் பொண்ணுண்ணே” என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

அய்யாவு அவளுடைய தோள் எலும்பைப் பார்த்தான், கையைப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை பிறந்து செத்த விஷயத்தை வரும் வழியில் அலோர் ஸ்டாரிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். “நீ ஒழுங்கா இருந்த, அது போதும்” என்றான். “எனக்கு அது போதும் பிச்ச.”

அவன் மனப்பூர்வமாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை. அவளும் இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு மடக்குத் தண்ணீரில் நாளை ஓட்டினாள், பாலில் இருந்த சத்தை வற்ற வைத்தாள். கேட்டாயிற்று. கேட்டபோது அவளுக்கு வெறுப்புத்தான் வந்தது. அவன்மேல், செல்லாயிமேல், சுற்றி நின்ற நல்ல மனங்களின்மேல், எல்லாவற்றையும்விடத் தன்மேல்.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க” என்றாள்.

“கேளு.”

“நான் டிரசர் குடுத்தத அன்னிக்கே தின்னிருந்தா, பிரேமாவதி இருந்திருப்பா. ரெண்டு வயசு ஆயிருக்கும். அவ பேரு பிரேமாவதி. நான் சதையும் பிடிப்புமா, புள்ளையும் நல்லாக் கொழுகொழுன்னு, ரெண்டு பேரும் இதே எடத்துல வந்து நின்னிருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?”

அய்யாவு திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

பிச்சையம்மாள் அதைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் அவனுக்கு உலை வைத்தாள்.